டிராக் டிஸ்க் என்று விற்றார்கள். டிராக்கில் ஓட்டியதால் உத்தரவாதம் இல்லை என்கிறார்கள்

பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே தயாரானவை என்று விளம்பரம் செய்து விற்கப்பட்ட முன்சக்கர பிரேக் டிஸ்க்குகள், தடத்தில் ஓடத் தொடங்கிய அன்றே விரிசல் விட்டன. முறையிட்டபோது, தடத்தில் ஓட்டிய வண்டிக்கு உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது. இந்த முரண்பாட்டைக் கூச்சமே இல்லாமல் எழுத்திலேயே தந்திருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டிஸ்க் தேடிக்கொண்டிருப்பவர்கள் எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதை, என் கையில் இருக்கும் பாழான டிஸ்க்குகளை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்பே மின்னஞ்சலில் விவரம் கேட்டிருந்தேன். வெளிவளையம் கார்பன் அளவு கூடிய வார்ப்பிரும்பால் ஆனது என்றும், அலுமினிய நடுப்பகுதியோடு அது மிதக்கும் முறையில், அதாவது சூட்டில் விரிய இடம்விட்டு, பொருத்தப்பட்டிருக்கிறது என்றும், உள்ளே காற்றைத் தள்ளும் துடுப்புகள் வளைந்தவை என்பதால் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி வார்ப்பு என்றும் உறுதி கூறினார்கள். இவற்றில் முதலாவதை உலோகச் சோதனை இல்லாமல் என்னால் மறுக்க முடியாது. மற்ற இரண்டும் பொய்.

தடத்தில் ஓட்டியபோது முதலில் பெடலில் மெல்லிய அதிர்வு தெரிந்தது. சில சுற்றுகளுக்குள் அது ஸ்டீயரிங்குக்கும் ஏறியது. வேகத்தைக் குறைத்து, பிரேக்கை ஆறவிட்டபடி உள்ளே வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கின் முகத்தில் இட்டிருந்த துளைகளிலிருந்து கிளம்பிய விரிசல்கள் பக்கத்துத் துளைகளைத் தொட்டிருந்தன. இடப்பக்க டிஸ்க்கில் ஒரு விரிசல் வெளிவிளிம்புவரை ஓடியிருந்தது. தடத்தில் கடுமையாக உழைக்கும் டிஸ்க்கில் மயிரிழை போன்ற மேல்வெடிப்புகள் வருவது இயல்பு, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். விளிம்பைத் தொட்ட விரிசல் அந்த வகையைச் சேர்ந்ததல்ல; அது எந்த நேரத்திலும் வளையத்தைப் பிளக்கக்கூடியது.

கழற்றிய டிஸ்க்குகளை மேசையில் வைத்து ஆராய்ந்ததில்தான் வேலையின் தரம் முழுவதும் தெரிந்தது. மேற்பரப்பில் வெட்டிய பள்ளங்கள் இரண்டு டிஸ்க்குகளிலும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக இருந்தன. உள்ளே துடுப்புகளோ இரண்டிலும் ஒரே திசையில் வளைந்திருந்தன. வளைந்த துடுப்புள்ள டிஸ்க் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ள வேண்டும். அதற்குத் துடுப்பின் உள்முனை முன்செல்ல, வெளிமுனை பின்தொடர வேண்டும். ஒரே வார்ப்பை இரண்டு பக்கமும் மாட்டினால் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் தலைகீழாகவும் சுழலும். விரிசல் விளிம்புவரை போனது தலைகீழாகச் சுழன்ற பக்கத்தில்தான். பள்ளங்களின் திசையைப் பார்த்து ஏமாற வேண்டாம். விளிம்பு வழியாக விளக்கடித்து உள்ளே பாருங்கள். நேரான துடுப்பென்றால் இந்தச் சிக்கலே இல்லை, அதை நேர்மையாகச் சொல்லி விற்றிருந்தால் எனக்கு மறுப்பும் இருந்திருக்காது.

துளைகளின் கதை இன்னும் மோசம். சாதாரண டிஸ்க் ஒன்றை எடுத்துப் பிறகு துளையிட்டிருக்கிறார்கள். சில துளைகள் துடுப்பின் மேலேயே பாதி விழுந்திருக்கின்றன, துளையின் வாய் சீவி மழுக்கப்படவும் இல்லை. கூரான விளிம்பில்தான் வெப்ப அழுத்தம் குவியும், விரிசல் அங்கேதான் பிறக்கும். தடத்துக்குத் துளையில்லாத, பள்ளம் மட்டும் வெட்டிய டிஸ்க்கே நல்லது என்பது என் கருத்து. துளைகள் பெரும்பாலும் கண்ணுக்குத்தான் அழகு.

மிதக்கும் இணைப்பு என்று சொன்னதும் வெறும் தோற்றம். 350 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு வளையம் 500 டிகிரி சூடேறினால் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கூடும்; அந்த விரிவுக்கு இடம் கொடுப்பதற்காகவே வளையத்துக்கும் நடுப்பகுதிக்கும் இடையே சற்றே அசையும் ஊசிகளை வைப்பார்கள். எனக்கு வந்ததில் சாதாரண போல்ட்டுகளை இறுக முடுக்கியிருந்தார்கள், அசைவுக்கு இம்மியும் இடமில்லை.

எடை குறைவு என்பதைப் பெருமையாக விளம்பரம் செய்திருந்தார்கள். நடுப்பகுதியை அலுமினியமாக்கிக் குறைத்த எடை லாபம். இரும்பைச் சுரண்டிக் குறைத்த எடை நஷ்டம். 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறங்கும்போது ஏறத்தாழ 19 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போவதாகக் கொண்டால், பக்கத்துக்கு ஒன்றாக உள்ள 10 கிலோ இரும்பு வளையம் ஒவ்வொன்றும் ஒரே பிரேக்கில் சுமார் 135 டிகிரி ஏறும். 8 கிலோ வளையம் 170 டிகிரி ஏறும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்ததில், புதிய டிஸ்க்கில் துடுப்புகளுக்கு இருபுறமும் உள்ள இரு முகங்களும் பழைய அசல் டிஸ்க்கைவிட மெலிந்திருந்தன. மொத்தத் தடிமன் மட்டும் சரியாக இருந்தது. வெப்பம் காட்டும் வண்ணப்பூச்சும் இதையே சொன்னது: அதே தடத்தில், அதே பேடுகளோடு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள்), அசல் டிஸ்க்கில் 560 டிகிரிப் பூச்சு மட்டுமே நிறம் மாறியிருந்தது, இதில் 610 டிகிரிப் பூச்சும் மாறிவிட்டது.

விற்றவர்கள் முதலில் பேடுகளைக் குறை சொன்னார்கள். பிரேக் அதிர்ந்தால் டிஸ்க் கோணிவிட்டது என்று சொல்வது வழக்கமென்றாலும், பல சமயங்களில் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாகப் படிவதே காரணம் என்பதால், அவர்கள் வாதத்தை எடுத்த எடுப்பில் நான் தள்ளவில்லை. ஆனால் படிவு அதிர்வைத்தான் தரும், இரும்பை விளிம்புவரை பிளக்காது. படங்களை அனுப்பியதும், மாட்டிய புதிதில் மெல்ல பிரேக் பிடித்து பேடுகளை டிஸ்க்கோடு சரியாகப் பழக்கவில்லை என்றார்கள். அதற்கும் விளக்கம் கொடுத்த பிறகுதான், தடத்தில் ஓட்டினால் உத்தரவாதம் இல்லை என்ற நிபந்தனையை நீட்டினார்கள். விளம்பரத்தின் நகலை அனுப்பியபோது, புகாரை வெளியில் எழுதாமலிருந்தால் அடுத்த கொள்முதலில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். நான் ஏற்கவில்லை, பணம் செலுத்திய வங்கி வழியாக முறையீடு நடந்துகொண்டிருக்கிறது.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த ஆர்90 முத்திரையையும் ஆதாரமாகக் காட்டினார்கள். அது சாலையில் ஓடும் வண்டிகளின் மாற்று பிரேக் பாகங்களுக்கான ஐரோப்பிய விதி. தடத்துக்கான சான்றல்ல, உண்மையான பந்தய டிஸ்க்குகள் பலவற்றில் அது இருக்கவும் செய்யாது. ஒப்புதல் பெற்ற டிஸ்க்கென்றால் குறியும் குறைந்தபட்சத் தடிமனும் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். என்னுடையதில் இரண்டுமே இல்லை.

இதே போன்ற ஜோடியை ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் அடுத்த ஓட்டத்துக்கு முன் சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பக்கத் துடுப்புகளையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு துளையின் வாயையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்; பேடு மறைக்கும் உள்முகத்தைப் பார்க்க மறக்காதீர்கள், அங்கே விரிசல் முதலில் வந்திருக்கலாம். தடத்தில் இருக்கும்போது ஒரு விரிசல் விளிம்பைத் தொட்டிருப்பதைக் கண்டால், வண்டியை டிரெய்லரில் ஏற்றுங்கள். அந்த டிஸ்க்கை நம்பி வீடு வரைகூட ஓட்ட வேண்டாம்.