கிக்கர் இல்லாத வண்டிக்கு "வெளி ஸ்டார்ட்டர்" செய்து தருகிறேன் என்று சொன்னால் வாங்காதீர்கள்

கிக்கர் இல்லாத பைக் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செல்ஃப் வேலை செய்யவில்லை என்று போய் நின்றால், "ஒன்வே மாத்தறதெல்லாம் செலவு, வெளியில இருந்தே ஸ்டார்ட் பண்ண ஒரு மோட்டார் செஞ்சு தர்றேன்" என்று சிலர் சொல்கிறார்கள். கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு அப்படி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். கடைசியில் என் வண்டியின் கிராங்க் (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு) போனது. சித்தப்பா மகனுக்கு மணிக்கட்டு பிசகி, கட்டுப் போட வேண்டியதாயிற்று.

என்னுடையது கார்புரேட்டர் காலத்து வண்டி. செல்ஃப் பட்டனை அழுத்தினால் மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றும், இன்ஜின் அசையாது. ஒன்வே கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்ற வேண்டும், ஆனால் ஓடத் தொடங்கிய இன்ஜின் மோட்டாரை இழுத்துச் சுற்றக் கூடாது. அதற்காக நடுவில் வைத்திருப்பதுதான் ஒன்வே. பெரும்பாலான வண்டிகளில் இடது பக்க மூடியைத் திறந்து, புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு, கிராங்க் முனையில் இருக்கும் மேக்னெட் என்ற காந்தச் சக்கரத்தை எடுத்தால் அதன் பின்னாலேயே இருக்கும். இன்ஜினை இறக்கக்கூட வேண்டாம்.

அந்த மெக்கானிக் இதையெல்லாம் சொல்லவே இல்லை. "மேக்னெட்டெல்லாம் எதுக்குங்ணா கழட்டிட்டு, ரேஸ் வண்டிக்கே செல்ஃப் கிடையாதுங்ணா, வெளியில இருந்துதான் சுத்தி விடுவாங்க" என்றார். அவர் கையில் கொடுத்த பொருள் இதுதான்: காயலான் கடையில் வாங்கிய பழைய மாருதி ஆம்னி வேன் ஸ்டார்ட்டர் மோட்டார். முன்னால் இருந்த பல்சக்கரத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் தண்டில் ஒரு பாக்ஸ் ஸ்பேனர் தலையை வெல்டிங் வைத்திருந்தார். பிடித்துக்கொள்ள ஒரு ஜிஐ பைப் துண்டு. கார் பேட்டரியில் மாட்ட இரண்டு தடித்த ஒயர், முனையில் முதலைக் கிளிப். இடது பக்க மூடியில் உள்ள வட்ட மூடியைத் திருகி எடுத்து, உள்ளே தெரியும் மேக்னெட் நட்டில் ஸ்பேனரைச் செருகி, அந்த மோட்டாரின் பட்டனை அழுத்த வேண்டும்.

அவர் கண் முன்னால் வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. அதுதான் இதில் பெரிய ஏமாற்று. முதல் சில தடவை எல்லா வண்டியும் ஸ்டார்ட் ஆகும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான பைக்குகளில் கிராங்க், சக்கரம் சுற்றும் அதே திசையில்தான் சுற்றும். வண்டியின் இடது பக்கம் நின்று பாருங்கள், முன்னால் போகும் சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றும். கிராங்கும் அப்படித்தான். ஆனால் மேக்னெட் நட் சாதாரண வலது மரை. அதை இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். ஆக, இந்த மோட்டாரை வைத்து நட்டைப் பிடித்து இன்ஜினைச் சுற்றும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் அந்த நட்டைக் கழற்றத்தான் முயல்கிறீர்கள். பிஸ்டன் கம்ப்ரஷனில் முட்டி நிற்கும் கணத்தில் முழு விசையும் நட்டின் மேல்தான் விழும்.

இதைக் கேட்டபோது அவர் ஒரு பதில் வைத்திருந்தார்: "கம்பெனி மேனுவல்லயே அந்த நட்டுல ஸ்பேனர் போட்டுச் சுத்தச் சொல்லிருக்குங்ணா." உண்மைதான், பல வண்டிகளின் மேனுவலில் அப்படி இருக்கிறது. வால்வ் கிளியரன்ஸ் (வால்வின் இடைவெளி) பார்க்கும்போது கிராங்கைக் குறிக்கு நேராகக் கொண்டுவர, கையால் மெதுவாகத் திருப்புவதற்காக. அப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்தால் கம்ப்ரஷனே இருக்காது. கார் இன்ஜினைச் சுற்றும் மோட்டாரை வைத்து வெடுக்கென்று திருப்புவதும் அதுவும் ஒன்றா?

இன்னொன்று, அவர் வெட்டி எறிந்த அந்தப் பல்சக்கரத்தோடு சேர்ந்துதான் கார் ஸ்டார்ட்டரின் ஒன்வேயும் இருக்கும். அது போனபின் மோட்டார் தண்டும் கிராங்கும் நேரடியாகப் பிணைந்துவிடும். இன்ஜின் பிடித்தவுடன் அது மோட்டாரை இழுக்கும். சுற்றும் வேகம் போதாமல் ஸ்பார்க் முன்கூட்டி வெடித்தால் பின்னோக்கி உதைக்கும். சித்தப்பா மகனுக்கு நடந்தது இரண்டாவது. பேட்டரி சார்ஜ் குறைந்திருந்த ஒரு காலை, பைப் கைப்பிடி அவன் கையை முறுக்கிக்கொண்டு கால்தாங்கியில் போய் அடித்தது. எலும்பு முறியாமல் தப்பியது பெரிய விஷயம்.

அதற்கப்புறம் வண்டி ஐட்லிங்கில் நிற்கவில்லை. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சைலன்சரில் வெடித்தது. வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், வயதானவர், லேத் பட்டறையும் வைத்திருக்கிறார். மூடியைத் திறந்தவர் நட்டை விரலாலேயே திருப்பிக் காட்டினார். மேக்னெட்டைக் கிராங்கில் பிடித்து நிறுத்துவது கிராங்க் முனையின் கூம்பு வடிவப் பிடிப்பு. நட் இறுக்கமாக இருந்தால்தான் அந்தப் பிடிப்பு இருக்கும். நடுவில் இருக்கும் ஹாஃப் மூன் கீ (அரைவட்ட இரும்புத் துண்டு) ஸ்பார்க் டைமிங்கைச் சரியான இடத்தில் வைப்பதற்கு மட்டும்தான், இழுவையைத் தாங்குவதற்கு இல்லை. நட் தளர்ந்ததும் மேக்னெட் நழுவி, கீ இரண்டு துண்டாக வெட்டுப்பட்டிருந்தது. கூம்பின் மேல் வளையம் வளையமாகக் கீறல். நகத்தை வைத்தால் மாட்டியது. "இதுல புது மேக்னெட் போட்டாலும் உட்காராதுங்க தம்பி, கிராங்கை மாத்தித்தான் ஆகணும்" என்றார். ஒன்வேயை மட்டும் அன்றைக்கே மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போலப் பல மடங்கு ஆனது.

ரேஸ் வண்டிக் கதைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மோட்டோஜிபி வண்டிகளில் ஸ்டார்ட்டர் இருக்காது, வெளியிலிருந்துதான் ஸ்டார்ட் செய்கிறார்கள் என்பது சரி. 1987க்கு முன் கிராண்ட் பிரீயில் பந்தயத்தையே வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்துதான் தொடங்கினார்கள். ஆனால் அங்கே ரோலர் மேல் பின்சக்கரத்தை ஏற்றி, கியரில் போட்டுக் கிளட்ச்சை விடுவார்கள். விசை டயர் வழியாகப் போகும், எந்த நட்டையும் தொடாது. கிராங்கில் நேரடியாக மாட்டும் ஸ்டார்ட்டர் என்றால் அதற்கென்றே செய்த முனையும், இன்ஜின் பிடித்ததும் விலகிக்கொள்ளும் அமைப்பும் இருக்கும். வெல்டிங் வைத்த பாக்ஸ் ஸ்பேனர் அந்த வகையில் சேராது. டிரில் மெஷினில் சாக்கெட் மாட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள், அதுவும் இதே கதைதான்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபின் விற்கும் பெட்ரோல் பைக்குகள் பெரும்பாலும் எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் மின்சாரத்தால் பெட்ரோலைத் தெளிப்பவை. அவற்றில் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் பெட்ரோல் பம்ப்புக்கும் இசியு என்ற கட்டுப்பாட்டுக் கணினிக்கும் கரண்ட் கிடைக்காமல், வெளியிலிருந்து என்ன சுற்றினாலும் பல வண்டிகள் பிடிக்காது. இதை மறைத்தும் விற்கிறார்கள்.

மோட்டார் செய்து கொடுத்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "நீங்க பிடிச்ச விதம் சரியில்லைங்ணா" என்று பழியை எங்கள் மேலேயே போட்டார். பில் கொடுக்கவில்லை. ஜிபே விவரமும், அவர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய செயல்முறை வீடியோவும் என்னிடம் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இந்த மோட்டாரை ஏற்கெனவே வாங்கிப் பயன்படுத்தியவர்கள் இன்றோடு நிறுத்திவிட்டு, மேக்னெட் நட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். நட் தளர்ந்திருந்தால் அப்படியே இறுக்கிவிட்டு அனுப்பச் சொல்லாதீர்கள். மேக்னெட்டைக் கழற்றி, கீயையும் கூம்பையும் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் மாட்டச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை ஓட்ட வேண்டாம்.