வெலோமொபைலில் ஏற, இறங்க: மேல்வாயா, மூக்குத் திறப்பா, பக்கக் கதவா, உயர்ந்த இருக்கையா?

வெலோமொபைலைக் கையால் கட்டுகிறவர்கள் எடை, காற்றுத் தடை, கியர் என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். அதற்குள் எப்படி ஏறுவது, எப்படி வெளியே வருவது என்பதை மட்டும் கூட்டை மூடிய பிறகுதான் யோசிப்பார்கள். இருபத்தைந்து வயதுக்காரருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. ஐம்பதைத் தாண்டியவருக்கோ, வண்டி தினமும் ஓடுமா, பேஸ்மென்ட்டில் துணி போர்த்திக் கிடக்குமா என்பதை அதுதான் முடிவு செய்யும்.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக: முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, மல்லாந்து சாய்ந்தபடி மிதிக்கும் சைக்கிள், மேலே முழுக்க ஒரு கூடு. இதுதான் வெலோமொபைல். இருக்கை தரையிலிருந்து சுமார் 25 செ.மீ., அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி 40 செ.மீ.க்கு மேல் இருக்கும். அந்த வித்தியாசத்தை முழங்கால்தான் சுமக்கிறது.

இங்கே நான் அலசப்போவது பெங்களூரில் எங்கள் வீட்டு வண்டியை வைத்து. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஷீட் மெட்டல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனார்தான் அதன் தலைமைப் பொறியாளர், நான் எடுபிடி. அலுமினியத் தகடு, அதை இணைக்க ஒரு பக்கமிருந்தே அடிக்கும் பாப் ரிவெட் ஆணி, உள்ளே சட்டகம் கிடையாது, தகடே உடம்பு. நெதர்லாந்தில் பார்ட் வெர்ஹேஸ் வடிவமைத்த அலெவேடர் இந்த முறையில் வந்ததுதான். வாங்கி வீட்டிலேயே ரிவெட் அடித்துக்கொள்ளும் கிட்டாகவும் அது விற்றது. விமானத் தகட்டோடு வாழ்ந்தவருக்கு இந்த முறை பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வண்டி முடிவதற்குள் அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம் வந்துவிட்டது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏறி இறங்குவது ஒரே வேலை இல்லை, மூன்று வேலை. சுவரைத் தாண்டிக் காலை உள்ளே வைப்பது ஒன்று. உடம்பை மெல்ல இருக்கைக்கு இறக்குவது இரண்டு. திரும்ப எழுந்து நிற்பது மூன்று. இடுப்பு மடங்காதவருக்கு முதலாவது கஷ்டம். முழங்கால் போனவருக்கு மூன்றாவது. கதவு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். கதவு முதலாவதை மட்டும்தான் தீர்க்கிறது. ஒரு சாண் உயரத்திலிருந்து எழுந்திருப்பதற்குக் கதவு எந்த விதத்திலும் உதவாது.

இன்னொன்றும் உண்டு, அதற்குப் பத்து ரூபாய் கூட ஆகாது. எந்த வழியை எடுத்தாலும் முதலில் நிறுத்து பிரேக் வேண்டும். மூன்று சக்கர வண்டி சாயாது, ஆனால் உருளும். ஒரு காலை உள்ளே வைத்த நேரத்தில் வண்டி நகர்ந்தால் அவ்வளவுதான். பூட்டும் வசதியுள்ள பிரேக் லிவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டி லிவரோடு பிடியைச் சேர்த்து மாட்டிவிடுங்கள்.

மேல்வாய்

பெரும்பாலான வேக வண்டிகளில் இருப்பது இதுதான். 2000-இல் வந்த டச்சு வண்டியான குவெஸ்ட்டும் இப்படித்தான்: கூட்டின் மேல் ஒரு துளை, அதன் வழியே நின்றபடி உள்ளே இறங்க வேண்டும். விளிம்பு தொடை உயரத்துக்கு வரும். உள்ளே கால் வைத்து, இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்து, எடையைத் தோளில் தாங்கி உட்கார வேண்டும். வெளியே வருவது அதையே தலைகீழாக.

இதில் முழங்காலுக்குப் பதில் தோளும் மணிக்கட்டும் வேலை செய்கின்றன. அதனால் முழங்கால் வலிக்காரருக்கு, கை நன்றாக இருந்தால், மேல்வாய் கேட்பதற்குத் தோன்றுகிற அளவு மோசமில்லை. ஒரே நிபந்தனை, விளிம்பு ஆள் எடையைத் தாங்க வேண்டும். வெறும் தகட்டு ஓரத்தைப் பிடித்து எழுந்தால் கையும் கிழியும், தகடும் மடங்கும். விளிம்பு முழுக்க ஒரு அலுமினியக் குழாய் ஓட வேண்டும்.

துளையை எவ்வளவு பெரிதாக்கலாம்? முன்பக்கம் ஒரு சாண் நீட்டினாலே முழங்கால் தட்டாமல் வெளியே வரும். டில்லர், அதாவது நடுவில் நிற்கும் கைப்பிடித் தண்டு, முன்னால் மடங்கிப் போகும்படி அடியில் ஒரு கீல் வைத்தால் இன்னும் இடம் கிடைக்கும். சொல்லப்போனால் பல வண்டிகளில் உண்மையான தடையே டில்லர்தான். பழியை மட்டும் துளை சுமக்கிறது.

மூக்குத் திறப்பு

டென்மார்க்கின் கார்ல் கேயார்க் ராஸ்முசன் 1980களில் கொண்டுவந்த லைட்ராவில் முன்கூடு மொத்தமும் முன்னால் சாயும். ஆள் திறந்த சைக்கிளில் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிட்டுக் கூட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். சுவரே இல்லை என்பதால் முதல் வேலை கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. பார்த்ததும் எல்லாருக்கும் இதுதான் பிடிக்கும், எனக்கும் பிடித்தது.

ஆனால் லைட்ராவில் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் குழாய்ச் சட்டகம். மேலே இருப்பது வெறும் போர்வை. உங்கள் வண்டியும் அப்படி, அதாவது சட்டகத்தின் மேல் சன்பேக் என்னும் பிளாஸ்டிக் ஷீட்டோ ஃபைபரோ போர்த்தியது என்றால், தயங்காமல் இதை எடுங்கள். நம் ஊர் சைன் போர்டு கடைகளில் கிடைக்கும் அதே சன்பேக்தான். லேசானது, கத்தியால் வெட்டலாம். வெயிலில் நாளாக ஆக நொறுங்கும், அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

கீலும் தாங்கு கம்பியும் கவனம். கூடு 5 கிலோ என்றால், கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட்டை ஜே.சி. ரோட்டு கார் பாகக் கடைகளில் வாங்கி மாட்டத் தோன்றும். வேண்டாம். பல நூறு நியூட்டன் விசை கொண்ட அது கீலைப் பிய்த்துவிடும். சமையலறை மேல் அலமாரிக்கு விற்கும் 60 முதல் 100 நியூட்டன் ஸ்ட்ரட் போதும், எந்த ஹார்டுவேர் கடையிலும் இருக்கும். ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த மூக்கு பாய்மரமாகிவிடும். அதனால் ஒரு வார்ப்பட்டையும் சேர்த்துக் கட்டுங்கள். திறக்க முன்னால் இடம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் தூணுக்கும் அடுத்தவர் காருக்கும் நடுவே நிறுத்துகிறவர் முதலில் டேப் வைத்து அளந்து பார்க்கட்டும்.

எங்கள் வண்டிக்கு இது ஆகாது. தகடே உடம்பாக இருக்கும்போது மேல் பாதியைப் பிரித்து எடுத்தால் மிச்சம் ஒரு தொட்டிதான். ஒரு பி.வி.சி. குழாயைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதையே நீளவாக்கில் ஒரு கோடு அறுத்துவிட்டு முறுக்கினால் துணி மாதிரி திருகும். மூடிய வடிவம்தான் முறுக்கைத் தாங்குகிறது. அது போய்விட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் பின் சக்கரம் ஒரு பக்கம், முன் சக்கரங்கள் ஒரு பக்கம் என்று வண்டி நெளியும். பள்ளத்துக்கு இந்த ஊரில் பஞ்சமா!

பக்கக் கதவு

கார்போல் இருக்கும் என்பதால் வீட்டில் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நாம் இடது பக்கம் போகிறவர்கள், கதவும் இடப்பக்கம் இருந்தால் நடைபாதை ஓரமாக இறங்கலாம், பின்னால் வரும் ஆட்டோவுக்கு எதிரே காலை நீட்ட வேண்டாம். சரி. வேறு நன்மை?

இடுப்பை உயர்த்த முடியாதவர், சக்கர நாற்காலியிலிருந்து மாறி உட்காருகிறவர் ஆகியோருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மற்றவர்களுக்கு இது ஒரு பெரிய வெட்டு, சிறிய லாபம். முன் சக்கரம் பெரும்பாலும் இருக்கைக்குப் பக்கத்திலேயே வருவதால் கதவுக்குக் கிடைக்கும் அகலம் குறைவு. உட்கார்ந்தபடி காலை மடக்கி அந்தச் சந்தில் நுழைப்பது யோகாசனம்தான்.

என் மாமனாரிடம் இதைக் கேட்டபோது அவர் பேச்சு நேராக விமானத்துக்குப் போய்விட்டது. "மாப்பிள்ளை, ஓட்டை வெட்டுறது பெரிசில்ல. வெட்டின இடத்தைச் சுத்தி டபுளர் போடணும். மூலையை வட்டமா விடணும். சதுரமா விட்டீங்கன்னா அங்கதான் கிழியும்."

"கதவு அளவுக்கு வெட்டினா எவ்வளவு டபுளர் மாமா வேணும்?"

"அந்த எடைக்கு இன்னொரு வண்டியே செஞ்சிரலாம்."

டபுளர் என்பது வெட்டைச் சுற்றி இரண்டாவது தகடு வைத்து ரிவெட் அடிப்பது. மூலை விஷயமும் சும்மா இல்லை. 1954-இல் நடுவானில் சிதறிய காமெட் ஜெட் விமானங்களை ஆராய்ந்தபோது, உடலில் வெட்டப்பட்ட திறப்புகளின் மூலைப் பக்கம்தான் உலோகம் களைத்து விரிசல் கண்டது தெரிந்தது. நம் வண்டிக்கு அந்த அழுத்தம் இல்லை. ஆனால் அதிர்வு உண்டு. மூலைக்கு ஒரு பெரிய நாணய அளவாவது வளைவு கொடுத்து, ஓரத்தை அரம் போட்டு மழுக்குங்கள்.

உயர்ந்த இருக்கை

மூன்றாவது வேலையை நேராகத் தீர்ப்பது இது. ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் முழங்கால் நன்றி சொல்லும். விலை என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் சக்கரங்களுக்கு நடுவே 76 செ.மீ., மொத்த எடையில் பத்தில் ஏழு பங்கு முன்னால், ஈர்ப்பு மையம் 40 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆர வளைவில் மணிக்கு 29 கி.மீ. வரை உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழாது. இருக்கையை 10 செ.மீ. உயர்த்தினால், ஆள் 65 கிலோ, வண்டி 45 கிலோ என்ற கணக்கில், ஈர்ப்பு மையம் சுமார் 6 செ.மீ. ஏறும். வரம்பு 27 கி.மீ.க்கு இறங்கும்.

இரண்டு கி.மீ.தானே என்றால், ஆமாம், அவ்வளவுதான். வேகப் பிரியர்கள் இதைப் பெரிய பாவமாகப் பேசுகிறார்கள். அல்சூர் ஏரியைச் சுற்றி 15-இல் போகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கண் மட்டம் உயர்வதால் பஸ் ஓட்டுநருக்கு நாம் தெரிவோம் என்பது இந்த ஊரில் கூடுதல் வரவு. இறக்கத்தில் 40-ஐத் தொடுகிறவர் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம். ஆனால் கூடு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால் இருக்கையோடு கண்ணாடி, தலைப்பகுதி எல்லாம் மாற்ற வேண்டிவரும். 5 செ.மீ. அடர்த்தியான ஃபோம் வரைக்கும்தான் சும்மா உயர்த்த முடியும். அந்த ஃபோமை ஆட்டோ சீட் தைக்கும் கடையில் ரெக்சின் போட்டு வாங்குவதுதான் மலிவு.

தரையைத் தாழ்த்துவது

இது கதவைப்போல் அதிகம் பேசப்படாத வழி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. எங்கள் வண்டியின் அடித்தகடு சாலையிலிருந்து 11 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இருக்கை 25. அதாவது பாதம் தகட்டின் மேல் இருக்கும்போது, எழுந்திருப்பவருக்கு இருக்கையின் உயரம் வெறும் 14 செ.மீ.தான். முழங்காலுக்கு அடியில், தகட்டில், பாதம் நுழையும் அளவு இரண்டு நீள்வட்டத் துளை விட்டால் பாதம் நேராகத் தரையில் பதியும். இருக்கை அங்கேயே இருக்க, உயரம் 25 ஆகிவிடுகிறது. ஈர்ப்பு மையம் ஒரு மயிரிழை கூட ஏறவில்லை. வெலோமொபைலுக்கு ரிவர்ஸ் கிடையாது என்பதால், காலால் தள்ளிப் பின்னுக்குப் போகவும் இதே துளை உதவும்.

ஆபத்தும் இதில்தான் அதிகம். ஓடும்போது பாதம் துளை வழியே தரையைத் தொட்டால் கால் பின்னுக்கு இழுக்கப்பட்டு வண்டிக்கு அடியில் மாட்டும். அதனால் மூடி கட்டாயம். தானாகத் திறக்காத தாழ்ப்பாளோடு, திறந்திருந்தால் கண்ணில் படும்படி. மழை நாளில் சாக்கடையும் சாலையும் ஒன்றாக ஓடும்போது மூடியின் ஓரத்தில் ரப்பர் பட்டை இல்லையென்றால் கால் நனையும். கதவுக்கு வேண்டிய டபுளரில் ஒரு சின்னப் பங்குதான் இதற்கு.

எழுந்து நின்றபின் ஒரு சிக்கல் இருக்கிறது. பாதம் தரையில் இருக்கும்போது சுற்றுச் சுவர் இன்னும் உயரமாகத் தெரியும், காலைத் தூக்கித் தாண்டுவது கஷ்டம். அங்கேதான் விளிம்புக் குழாய் மறுபடி வேலைக்கு வருகிறது. நின்று, இடப்பக்க விளிம்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக வெளியே எடுக்க வேண்டும். ஆகவே குழாய்க்கு அடியில் இரண்டு இடத்தில் தகட்டோடு சேரும் தாங்கு கட்டை அவசியம். உட்காரும் பக்கம் கொஞ்சம் ஃபோம்.

எங்கள் வண்டிக்கு நாங்கள் எடுத்தது இதுதான்: முன்னால் நீட்டிய மேல்வாய், விளிம்புக் குழாய், மடங்கும் டில்லர், பாதத் துளை, இருக்கையில் 5 செ.மீ. ஃபோம். சட்டகம் உள்ள வண்டி என் கையில் இருந்திருந்தால் மூக்குத் திறப்போடு பாதத் துளையும் போட்டிருப்பேன், விளிம்பு வேலை மிச்சம். அதில் பிடித்து எழுந்திருக்க விளிம்பு இருக்காது என்பதால், சட்டகத்திலிருந்து இருபுறமும் இரண்டு செங்குத்துக் கைப்பிடிகள் மட்டும் வெல்டிங் செய்துகொள்ள வேண்டும். பழைய சைக்கிள் ஹேண்டில்பாரை இரண்டாக அறுத்தாலே போதும். சிவாஜிநகர் பழைய இரும்புக் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும்.