மாப்பிள்ளை பேக்கேஜோடு விற்கிற பெயரில்லாத கிரீமை வாங்காதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கிற இந்த நாட்களில்தான் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் பல வீடுகளில் கல்யாணம் வைப்பார்கள். ஆண்கள் சலூன்களில் 'மாப்பிள்ளை பேக்கேஜ்' வியாபாரமும் அப்போது சூடுபிடிக்கும். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

என் தம்பி கல்யாணத்துக்கு முன் ராமநாதபுரத்தில் ஒரு சலூனுக்குப் போனான். ஃபேஷியல், தாடி ட்ரிம், ஹேர் ஸ்பா எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். அந்த வேலையில் குறை இல்லை. கிளம்பும்போது கடைக்காரர் ஒரு வெள்ளை டப்பாவை நீட்டி, "கடல் கருப்பு போகணும்னா ராத்திரி இதைப் போடுங்க தம்பி, முழுக்க ஹெர்பல்" என்றிருக்கிறார். அதற்குத் தனியாக 1,200. டப்பாவில் கம்பெனி பெயரும் இல்லை, என்ன சேர்த்திருக்கிறது என்பதும் இல்லை.

கல்யாண போட்டோவில் முகம் பளிச்சென்றுதான் இருந்தது. டப்பா தீர்ந்ததும் எரிச்சல் ஆரம்பித்தது. திரும்பப் போய்க் கேட்டவனிடம் இன்னொரு டப்பாவை விற்றார்கள். பூசினால் அடங்கும், விட்டால் இரண்டு பங்காகச் சிவக்கும். தடை முடிந்து கடலுக்குப் போனான். மேலே வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில். முகமெல்லாம் பரு, கன்னத்தில் சிவப்பு நரம்புக் கோடுகள். கண்ணுக்குக் கீழே முடி முளைத்ததைத் தாடி அடர்த்தியாகிறது என்று நினைத்திருக்கிறான்.

தோல் டாக்டர் பார்த்ததுமே, ஸ்டீராய்டு கிரீம் செய்கிற வேலை இது என்றார். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் தோல் நோய்களுக்குக் குறுகிய காலம் தரும் மருந்துகள். முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துவிடும். 2018 முதல் இத்தகைய பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சில சிவப்பழகு கிரீம்களில் பாதரசமும் இருக்கிறது. 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது.

தம்பி இவ்வளவு நாள் வாய் திறக்காததுதான் எனக்கு ஆறவில்லை. "ஆம்பளைக்கு எதுக்குடா கிரீமு" என்று சித்தப்பாவும் கூட்டாளிகளும் கேட்பார்களே என்று பயந்திருக்கிறான். கடைக்காரருக்கும் அது தெரியும். நியாயம் கேட்கப் போனபோது, "வெளிய சொன்னா உங்க தம்பிக்குத்தான்ணே அசிங்கம்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். நம் கேலிதான் அவருக்குப் பாதுகாப்பு. கடலில் உழைக்கிற ஒருவன் தன் முகத்தைக் கவனித்துக்கொள்வதில் என்ன குறைந்துபோகிறது? சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு படகேறட்டும், தாடியை அழகாக வெட்டிக்கொள்ளட்டும். ஆனால் கடலில் உழைத்து வந்த நிறத்தை அழுக்கு மாதிரிப் பேசி மருந்து விற்பவரை விடக் கூடாது.

தயாரிப்பாளர் பெயர், உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பூசுகிறவர்கள் டப்பாவோடு தோல் டாக்டரைப் பாருங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். பில் இல்லாவிட்டாலும் ஜிபே பதிவு இருக்கும், அழித்துவிடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மருந்து ஆய்வாளரிடம் டப்பாவோடு புகார் கொடுத்திருக்கிறோம், தம்பிக்கு வைத்தியம் நடக்கிறது. இதே மாதிரி வெள்ளை டப்பா வாங்கியவர்கள் அவரவர் பெயரில் தனித்தனியாகப் புகார் கொடுங்கள்.