நிலத்தடி நீரியல்: எம்.எஸ்சி.யா, எம்.டெக்.கா?

நுழைவு: நிலவியல் இளநிலைப் பட்டதாரிக்கு எம்.எஸ்சி. இயல்பான தொடர்ச்சி, ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் நீரியல் எம்.டெக். படிப்புக்குக் கேட் (GATE) என்னும் தேசிய அளவிலான தகுதித் தேர்வின் மதிப்பெண் வேண்டும்.

செலவு: அரசுக் கல்லூரி எம்.எஸ்சி.க்குக் கட்டணம் குறைவு. கேட் வழியாக எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு.

வேலை: மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் நீர்நிலவியலாளர் பணிக்காக யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுத நிலவியல் சார்ந்த முதுநிலைப் பட்டம் தேவை என்பதால், பொறியியல் வழியில் வருவோருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. இதை அறியாமல் இரண்டு ஆண்டுகளைச் செலவிட்டுவிட்டுப் பிறகு வருந்துவது கொடுமை.

பெரும்பகுதி கடினப் பாறையாலான தமிழ்நாட்டில், நீர் தங்கும் பாறைப் பிளவுகளைத் தேடிக் கிணற்றுக்கு இடம் குறிக்க விரும்புவோர் எம்.எஸ்சி.யையே தேர்ந்தெடுக்கலாம்; நீரோட்டத்தைக் கணினியில் மாதிரியாக்கி ஆலோசனை நிறுவனங்களில் பணியாற்ற எண்ணுவோருக்கு எம்.டெக். பொருந்தும்.