மாசிப் பட்டத்துக்கு வாங்கிய கோகோபீட் கட்டி

மாடியில் வெண்டையும் கொத்தவரையும் போட, பைகளை நிரப்ப 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஒன்று வாங்கினேன். உறையில் ‘கழுவியது’ என்று போட்டிருக்கிறது, நம்பாதீர்கள். ஊறவைத்த தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இறங்கியது, நாக்கில் வைத்தால் கரித்தது. தெளியும்வரை அலசிப் பிழிந்தேன். உப்போடு அப்படியே விதைத்தால் இலை நுனி கருகிவிடும்.

மற்றபடி சரக்கு சுத்தம். கல், மண் இல்லை, நீள நாரும் குறைவு. பெரிய டப் நிறைய உப்பி வந்தது. கொடுத்த காசுக்குத் தகும்.

பாதிக்குப் பாதி மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்த்துக் கலந்திருக்கிறேன். (அந்த வாடைக்குப் பக்கத்து மாடி மாமி மூக்கைப் பொத்துகிறார், அது தனிக் கதை.) வெறும் கோகோபீட்டிலேயே நடலாம் என்று கடையில் சொல்வார்கள். அதில் சத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. பங்குனி வெயிலில் ஈரத்தைப் பிடித்துவைக்கத்தான் அது.