திருகோணமலை வீதிகளுக்கு எந்த ரோந்து வண்டி: காரா, ஜீப்பா, டபுள் கெப்பா?

நெடுஞ்சாலை ரோந்து என்றதும் துரத்திப் பிடிக்கிற வண்டிதான் பலருக்கும் ஞாபகம் வரும். அமெரிக்காவின் டொட்ஜ் சார்ஜர், இத்தாலியப் பொலிஸின் லம்போகினி என்று படங்களில் பார்த்துப் பழகிவிட்டோம். இலங்கையில் எங்கள் அதிவேக வீதிகளில் மணிக்கு 100 கிலோமீற்றர் வரை ஓட அனுமதி உண்டு. அங்கே தாழ்வான, வேகமான கார் ஒன்று காவலுக்கு நிற்பதில் நியாயம் இருக்கிறது. திருகோணமலைக்கு வருகிற வீதிகளின் கதை வேறு.

கந்தளாய், ஹபரணை வழியாக ஏ6. ஹொரவப்பொத்தானை ஊடாக அநுராதபுரத்துக்கு ஏ12. கிண்ணியா, மூதூர், வெருகல் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் போகிற ஏ15. ஊர்மனைக்கு வெளியே காருக்கு 70தான் எல்லை. இந்த மூன்றிலும் ஒருவரைத் துரத்த வேண்டிய நாள் அபூர்வம். இருட்டிலும் மழையிலும் நடு வீதியில் நின்றுபோன லொறிக்குப் பின்னால் போய் நின்று, அடுத்து வருகிறவர் அதில் மோதாமல் காக்க வேண்டிய நாள்தான் அதிகம். வண்டியை இந்த வேலைக்காகத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் பதினைந்து வருடத்துக்கு மேலாக வான் ஓட்டுகிறேன். கொழும்புக்கு ஆள் ஏற்றிப் போவதால் பாதி ஓட்டம் இரவில்தான். ஒரு மார்கழி மழையில், பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு மோட்டார் சைக்கிள் மோதிக் கிடந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு முன்னமே ஒரு ரோந்து வண்டி வந்திருந்தது. கூரையில் ஒற்றை நீல விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் பின்னால் வருகிறவருக்கு அது தெரியாதபடி பின் பெட்டியின் தார்ப்பாய் உயர்ந்து மறைத்தது. வீதியில் வைக்க ஒரு எச்சரிக்கைக் கோன்கூட இல்லை. ஒரு பொலிஸ்காரர் நனைந்தபடி நடு வீதியில் நின்று கைபேசியின் டோர்ச்சை ஆட்டினார். நான் பிறேக்கை அழுத்தி, அவருக்கு நாலைந்து அடி முன்னால்தான் நிறுத்தினேன். அவர் என்னை ஏசவில்லை. “தம்பி, உங்கட வானைக் கொஞ்சம் பின்னுக்கு விட்டு ரெண்டு சிக்னலையும் போடுங்கோ” என்றார். அன்றிரவு அவர்களுக்கு எச்சரிக்கை விளக்காக நின்றது என் வான்தான்.

அந்த இரவுக்குப் பிறகுதான் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். 70இல் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 19 மீற்றர் கடக்கும். கண் கண்டு கால் பிறேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்றால் அதிலேயே 29 மீற்றர் போய்விடும். ஈரத் தாரில் வண்டி நிற்க இன்னும் 50 மீற்றர் அளவில் வேண்டும். மொத்தம் 80 மீற்றரைத் தொடுகிறது. டிம் லைட் அவ்வளவு தூரம் காட்டாது. ஆகவே ரோந்து வண்டி குறைந்தது 100 மீற்றருக்கு அப்பாலேயே கண்ணில் பட வேண்டும். எந்த வண்டியையும் நான் முதலில் பார்ப்பது இந்தக் கண்ணால்தான்.

கார். அக்சியோ, அலியன் போன்ற ஒரு செடானை எடுத்துக்கொள்வோம். எண்ணெய்ச் செலவு குறைவு, தாரைப் பிடித்து ஓடும், ஈரத்தில் பிறேக் பிடித்தால் நேராக நிற்கும். எட்டு மணித்தியாலம் உள்ளே இருப்பவருக்கு முதுகு நோகாது. இதையெல்லாம் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது, களைத்த ஓட்டுநர் எந்த வண்டியிலும் ஆபத்துத்தான். ஆனால் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லாத வண்டி அது. வடகீழ்ப் பருவமழையில் வெருகல் பக்கமும் மூதூர்ப் பக்கமும் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும். அந்த நேரத்தில்தான் ரோந்து மிகவும் தேவை, அந்த நேரத்தில்தான் கார் நிலையத்திலேயே நிற்கும். டிக்கியில் எட்டுக் கோன், தீயணைப்பான், முதலுதவிப் பை, இழுவைக் கயிறு எல்லாம் வைத்தால் மூட முடியாது. எருமை ஒன்று குறுக்கே வந்தால் காரின் பொனற் அதன் காலில் அடித்து உடல் கண்ணாடி வழியாக உள்ளே வரும். எங்கள் பகுதியில் இது வெறும் பேச்சல்ல. வயல் விதைத்த பிறகு மாடுகளுக்குக் காய்ந்த நிலம் இல்லாமல் போகிறது. கிண்ணியா, தோப்பூர்ப் பக்கம் அவை இரவில் தார் வீதியில்தான் வந்து படுக்கும்.

காருக்கு நல்ல இடம் ஒன்று உண்டு: நகரம், உப்புவெளி, நிலாவெளி. தண்ணீர் தேங்கினாலும் ஓடாது, தூரமும் குறைவு. அங்கேயும் மோட்டார் சைக்கிள் அதைவிடப் பொருத்தம் என்பேன். திருவிழாக் காலத்தில் கோணேசர் கோயிலடிக்குக் கார் கொண்டு போய்ப் பார்த்தவருக்கு ஏன் என்று தெரியும்.

சரி, ஜீப்புக்கு வருவோம். 2022 டிசம்பரில் இந்தியக் கடனுதவியில் 125 ஜீப் வண்டிகள் பொலிஸுக்குக் கையளிக்கப்பட்டன. பொலேரோ, ஸ்கோர்ப்பியோ மாதிரியான ஜீப்புகளைப் பலர் குறைவாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பூட்டிய வண்டி அடிபட்டால், அடிபட்ட பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். அமெரிக்கப் பொலிஸ் ஃபோர்ட் கிரவுன் விக்டோரியாவை 2011இல் உற்பத்தி நிற்கும் வரைக்கும் விடாமல் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அது பழைய அமைப்பு, ஆனால் எந்தக் கராஜிலும் நிமிர்த்தி எடுக்கலாம். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை இந்த நாட்டுக்குத் தனியார் வாகனம் வருவது பெரும்பாலும் நின்றிருந்தது. அந்த ஐந்து வருடமும் ஓடியவை எங்கள் ஊர் மெக்கானிக் பாஸ்மார் கையில் சரிவந்த வண்டிகள்தான். சென்சர் ஒன்றுக்காகக் கொழும்பிலிருந்து பெட்டி வரும் வரை நிற்கிற வண்டி ரோந்துக்கு உதவாது.

மூடிய ஜீப்பின் பெரிய நன்மை, சாமான் நனையாது. காயப்பட்டவரை மழைக்குள் வைத்திருக்கவும் தேவையில்லை. குறை, உயரமும் ஒடுக்கமும். வளைவில் சாயும். ஆறு பேர் ஏறினால் பின்னால் சாமானுக்கு இடமில்லை. நடைமுறையில் ஆறு பேர் ஏறித்தான் போகிறார்கள், கோன்கள் நிலையத்தில் கிடக்கின்றன.

இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் பெட்டியும் உள்ள டபுள் கெப்தான் என் தெரிவு, ஆனால் நிபந்தனையோடு. ஹைலக்ஸ் மாதிரி ஒன்று வெள்ளத்தில் 700 மில்லிமீற்றர் ஆழம் வரை இறங்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். நான்கு பேர் வசதியாக இருந்தாலும் பின் பெட்டி முழுவதும் சாமானுக்கு மிஞ்சும். நின்றுபோன ஓட்டோவையோ காரையோ கட்டி இழுக்கும் பலம் இருக்கிறது. கிண்ணியாப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 2009இல் திறந்த, 396 மீற்றர் நீளமான பாலம். அதன் நடுவில் ஒரு வாகனம் நின்றால் ஒதுங்க இடமில்லை. இழுவை லொறிக்குக் காத்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து. இரண்டு நிமிடத்தில் கயிறு போட்டு அக்கரைக்கு இழுத்துவிடுகிற வண்டிதான் அங்கே வேண்டும்.

அதன் குறையையும் மறைக்கக் கூடாது. வெறும் பெட்டியோடு ஓடும் கெப்பின் பின்பக்கம் இலேசானது. சுமைக்கென்று செய்த வில்தகடு சுமையில்லாதபோது துள்ளும். ஈரத் தாரில் சட்டென்று பிறேக் பிடித்தால் பின்பக்கம் பக்கவாட்டில் இழுக்கும். இதற்கு மருந்து அந்த வண்டியிலேயே இருக்கிறது. மீட்புச் சாமான்களை ஒரு பெட்டியில் அடுக்கி, பின் அச்சுக்கு நேர் மேலே அசையாமல் பூட்டிவிட வேண்டும். அந்தச் சுமையே வண்டியைத் தரையில் அமர்த்தும். திறந்த பெட்டியாக விடாமல் அதை மூடுகிற கூடு, அதாவது கெனபி, போட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மாரியிலேயே முதலுதவிப் பை பூஞ்சணம் பிடித்துவிடும்.

அப்புறம் டயர். கெப் என்றதும் பெரிய பல் வைத்த காட்டு டயரைப் போடுகிற பழக்கம் இருக்கிறது. ஏ6, ஏ15 இரண்டும் நல்ல கார்ப்பட் வீதிகள். அகலப் பல் டயர் சேற்றில் பிடிக்கும், ஈரத் தாரில் தாருக்குப் படுகிற றப்பர் குறைவு, நிற்க இன்னும் தூரம் எடுக்கும். வீதி டயர்தான் சரி. வாங்கும்போது பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள். 3224 என்றால் 2024ஆம் ஆண்டு 32ஆம் கிழமையில் செய்தது. பல் இருந்தாலும் வருடம் போன டயர் மழைக்கு உதவாது.

மின்சார வாகனத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏசி போட்டுக்கொண்டு வீதியோரம் நிற்கிற டீசல் வண்டி ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் அளவில் குடிக்கும், மின்சார வண்டிக்கு அந்தச் செலவு மிகக் குறைவு. 2022இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும். நகர ரோந்துக்கு இன்றே வாங்கலாம். கந்தளாய்க்கு அப்பால், காட்டு வீதியில், வெள்ள நாளில் மின்சாரம் போன இரவில் அதை நம்பி ஆளை அனுப்ப எனக்கு மனம் வராது.

வண்டியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், காசு குறைவென்றால் வண்டியில் ஒரு படி இறங்கிச் சாமானில் ஏறச் சொல்வேன். பழைய பொலேரோவில் நல்ல விளக்கும் பத்துக் கோனும் இருந்தால், வெறுமையான புதுக் கெப்பைவிட அது உயிர் காக்கும்.

விளக்கில் தொடங்குவோம். ஒற்றைச் சுழல் விளக்கா, கூரை அகலத்துக்கு எல்ஈடி வரிசையா? வரிசைதான், சந்தேகமே இல்லை. அகலமாக எரிந்தால் பின்னால் வருகிறவருக்குத் தூரத்தைக் கணிக்கலாம், ஒற்றை விளக்கு எவ்வளவு தொலைவில் என்று இருட்டில் பிடிபடாது. ஆனால் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு நீலம் மிகக் கூர்மையாகத் தெரியும். நின்ற நிலையில் முழு வெளிச்சத்தில் நீலத்தை வெட்டவிட்டால், பக்கத்தில் நடக்கிற பொலிஸ்காரரைக் கண் காணாது. ஆகவே இரவில் மங்கவைக்கிற சுவிட்ச் உள்ளதையே வாங்க வேண்டும். பின்பக்கத்துக்கு மஞ்சள் விளக்கு தனியாக, தார்ப்பாயோ கெனபியோ மறைக்காத உயரத்தில். இவ்வளவும் எஞ்சின் நிற்கும்போது எரிவதால் இரண்டாவது பற்றரி ஒன்றும் கட்டாயம். விபத்து இடத்தில் ரோந்து வண்டியையே தள்ளி ஸ்டார்ட் பண்ணிய காட்சியையும் நான் பார்த்திருக்கிறேன்.

பின்பக்கக் கதவில் ஒளி தெறிக்கும் பட்டை ஒட்டுவதும் விளக்குக்குச் சமம். பிரித்தானியாவில் ரோந்துக் கார்களில் மஞ்சளும் நீலமும் கட்டம் கட்டமாக ஒட்டுகிறார்கள். அதற்குப் பற்றரி தேவையில்லை, வருகிறவரின் ஹெட்லைட்டே அதை எரியவைக்கும். எங்கள் ஊரில் ஒரு கவனம் வேண்டும். நிலாவெளிப் பக்கக் கடற்காற்று உப்புக்காற்று. விளக்கு வரிசையைப் பூட்டுகிற ஆணி சாதாரண இரும்பாக இருந்தால் ஒரு வருடத்தில் துருக்கண்ணீர் கூரையில் வடியும், வயர் முனைகள் பச்சை பிடிக்கும். துருப்பிடிக்காத ஆணி, கிறீஸ் பூசிய முனை, கிழமைக்கொரு தடவை அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர்.

வேகம் அளப்பதில், கையில் பிடிக்கிற லேசரா வண்டியில் பூட்டிய ரேடாரா என்பது கேள்வி. லேசர்க் கதிர் ஒடுக்கமானது, எந்த வண்டி என்று குறிபார்த்து அளக்கலாம், மறுக்க முடியாது. ரேடார் ஓடிக்கொண்டே அளக்கும், ஆனால் லொறியும் காரும் சேர்ந்து வந்தால் எதனுடைய வேகம் என்ற வாதம் வரும். எங்கள் வீதிகளுக்கு லேசர் போதும்.

முதலுதவியில் நான் பிடிவாதமாக இருப்பேன். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், இலவசம், நல்ல சேவை. ஆனால் காட்டுத் துண்டில் அது வந்து சேரும் வரைக்கும் இரத்தம் காத்திருக்காது. கையையோ காலையோ இறுக்கிக் கட்டுகிற பட்டி இரண்டு, அழுத்துகிற துணி, முதுகு அசையாமல் தூக்குகிற பலகை, கதவு நெம்புகிற இரும்பு, இவை எல்லா வண்டியிலும் வேண்டும். அவற்றைப் பாவிக்கத் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்க வேண்டும். யானை வீதியில் நிற்கும்போது சைரனும் தேடுவிளக்கும் அடிக்கக் கூடாது என்பதையும் அவருக்கே சொல்லிக் கொடுக்கலாம். ஹபரணைப் பக்கம் யானை தானாகப் போகும் வரை இரு பக்க வாகனங்களையும் தூரத்தில் நிறுத்தி வைப்பதே ரோந்தின் வேலை.

வண்டியைப் பொறுப்பெடுக்கும் நாளில் ஒரு சோதனை செய்யலாம். இரவு, மழை, விளக்கணைத்த வீதி. இரண்டு பேரை ஏற்றி நிறுத்தச் சொல்லி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முதல் கோன் தாரில் நிற்க வேண்டும், மூன்று நிமிடத்துக்குள் கடைசிக் கோன் 100 மீற்றர் பின்னால் இருக்க வேண்டும். அதற்குக் கோன்கள் பெட்டியில் கடைசியாக ஏற்றப்பட்டிருக்க வேண்டும், கதவைத் திறந்ததும் முதலில் கைக்கு வருவதாக.