பழைய வயர், ஸ்பூன், உடைந்த பீங்கான், காகிதம்: நகைக்கு எது தோது?

வீட்டில் ஒதுக்கிப் போட்ட சாமான்களில் நகை செய்யக் கிளம்பும் பலரும் எது அழகாக வரும் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. தோலில் எது படப்போகிறது? காதில் எவ்வளவு எடை தொங்கப்போகிறது?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது கழற்றிப் போட்ட மின்வயரைத்தான். உள்ளே இருக்கும் செம்பு நல்ல தூய செம்பு. 1.5 சதுர மி.மீ. ஒற்றைக் கம்பி வயர் என்றால் கம்பியின் விட்டம் சுமார் 1.4 மி.மீ.; மோதிரத்துக்கும் மெல்லிய வளையலுக்கும் அளவெடுத்த மாதிரி இருக்கும். பல இழை வயர் மணி கோக்கவும் சுற்றிக் கட்டவும் ஆகும். மேலுறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். எரித்து எடுக்கவே கூடாது. பிவிசி எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சினும் இருக்கும்.

செம்பை வளைக்க வளைக்க விறைத்துக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் முறிந்துவிடும். குறட்டில் அந்த விறைப்பு தெரிந்ததும் நிறுத்தி, கம்பியை மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் பழையபடி இளகிவிடும். காய்ச்சியதில் ஏறிய கறுப்பு எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போகும். வியர்வை பட்டால் தோலில் பச்சைக் கறை ஒட்டும், கழுவினால் போய்விடும். இத்தனை தடவை திருத்த இடம் கொடுக்கும் பொருள் இந்தப் பட்டியலில் வேறில்லை.

ஸ்பூன் மோதிரம் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் எந்த ஸ்பூன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எவர்சில்வர் ஸ்பூன் கைக்கு மசியாது; வளைத்தாலும் கொஞ்சம் பின்வாங்கும். வெள்ளி முலாம் பூசியது நன்றாக வளையும். ஆனால் முலாமுக்கு அடியில் பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவைதான் இருக்கும். முலாம் தேய்ந்தால் நிக்கல் தோலில் படும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிப்பும் தடிப்பும் நிச்சயம். 925 முத்திரை இருந்தால் அது நிஜ வெள்ளி, தாராளமாகச் செய்யலாம். மற்றதை மோதிரமாக்காமல் சட்டைமேல் தொங்கும் டாலராக்கினால் நல்லது.

அழகு என்று மட்டும் பார்த்தால் என் ஓட்டு உடைந்த பீங்கானுக்கு. ஒரு தட்டின் விளிம்பில் இருந்த நீலப் பூ, கட்டைவிரல் நக அளவுக்கு வெட்டி எடுத்ததும் தனி ஓவியமாக நிற்கும். ஆனால் வேலை அதிகம். வைரத்தூள் பதித்த அரத்தால்தான் ஓரம் தேயும். தேய்க்கும்போது துண்டு எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும்; உலர்ந்த பீங்கான் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. மிகப் பழைய தட்டுகளின் மெருகிலும் சாயத்திலும் ஈயம் இருக்கக்கூடும், அவற்றைத் தொடாதீர்கள். எடையும் உண்டு, அதனால் கழுத்துக்கு மட்டும். காதில் மாட்டினால் துளை இழுபடும்.

காதுக்குக் காகித மணிதான். பழைய பத்திரிகைத் தாளை நீண்ட முக்கோணமாக வெட்டி, அகலமான பக்கத்திலிருந்து குச்சியில் இறுக்கிச் சுருட்டிப் பசை தடவினால் நடுவில் பருத்த மணி வரும். எவ்வளவு பெரிய தொங்கட்டானும் கனக்காது. வார்னிஷ் பூசினாலும் குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

அலுமினிய கேன் தகடு லேசானதுதான், ஆனால் ஓரம் பிளேடு போல அறுக்கும். மடித்து உப்புத்தாள் போடப் பொறுமை இருந்தால் பாருங்கள். பழைய பித்தளைச் சாவி டாலர் குழந்தைகளுக்கு வேண்டாம். அந்தப் பித்தளையில் ஈயம் கலந்திருப்பதுண்டு.

எதைச் செய்தாலும் காதுத் துளைக்குள் போகும் கொக்கியை மட்டும் புதிதாக வாங்குங்கள். டைட்டானியம் அல்லது வெள்ளி போதும். செம்புக் கம்பியை அங்கே நுழைக்க வேண்டாம்.